இரவல் வண்டி, பழகிய கால்: ஏற்காடு ஏழாவது வளைவில் நடந்தது

2019 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சித்தி மகனிடம் யமஹா ஆர்15 வண்டியை இரவல் வாங்கிக்கொண்டு சேலத்திலிருந்து ஏற்காடு போனேன். அந்த மாதிரி வண்டியை நான் ஓட்டியது அதுதான் முதல் தடவை. ஏறும்போது ஒன்றும் ஆகவில்லை. இறங்கும்போது, கீழிருந்து எண்ணினால் ஏழாவதாக வரும் கொண்டை ஊசி வளைவுக்குச் சற்று முன்னால் விழுந்தேன். இடது மணிக்கட்டு எலும்பில் விரிசல், இடது முழங்காலிலும் வலது உள்ளங்கையிலும் தோல் உரிந்தது. வண்டியின் இடப்பக்க ஃபேரிங் (என்ஜினை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறை) உடைந்தது, கிளட்ச் லீவர் வளைந்தது. வேறு யாருக்கும் அடி இல்லை.

நான் ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். ஆலையில் ஒருவருடைய விரல் நசுங்கினால்கூட அறிக்கை எழுதுவோம். என்ன நடந்தது, எந்த வரிசையில் நடந்தது, இடையில் எது மாறியிருந்தால் இது நடந்திருக்காது என்று பார்ப்போம். கையில் மாவுக்கட்டோடு வீட்டில் உட்கார்ந்திருந்த ஐந்து வாரத்தில் என் விழுகைக்கும் அதே மாதிரி ஒன்றை எழுதினேன். இது அதன் விரிவு.

எழுதக் காரணம் ஒன்றுதான். பார்க்க வந்த எல்லோரும் "வேகமாகப் போயிருப்பே" என்றார்கள். ரேஸ் வண்டி, மலைப்பாதை, விழுந்தான் என்றால் வேறென்ன காரணம் இருக்க முடியும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் நான் விழுந்தபோது வண்டி 30 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் இருந்திருக்காது. மழை இல்லை, சாலை காய்ந்திருந்தது. 12 வருடமாக வண்டி ஓட்டுகிறேன், அதற்கு முன் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. அப்படியானால் ஏன்?

வண்டியும் ஆளும்

என் சொந்த வண்டி 2007 மாடல் ஸ்பிளெண்டர். 97.2 சிசி என்ஜின், 8 பிஎஸ்ஸுக்குக் (குதிரைசக்தி மாதிரி ஓர் அளவு) கொஞ்சம் குறைவான சக்தி, நான்கு கியர், முன்னும் பின்னும் டிரம் பிரேக். எடை சுமார் 110 கிலோ. நிமிர்ந்து உட்கார்ந்து, முழங்கையைத் தளர்வாக வைத்துக்கொண்டு, மார்க்கெட்டில் காய்கறிப் பையை மாட்டிக்கொண்டு ஓட்டுகிற வண்டி.

தம்பியுடையது 2013-இல் வாங்கிய ஆர்15. யமஹா இந்தியாவில் ஆர்15-ஐ முதலில் கொண்டுவந்தது 2008-இல். அவனிடம் இருப்பது 2011-இல் வந்த இரண்டாம் பதிப்பு. 149.8 சிசி, தண்ணீரால் குளிர்விக்கும் என்ஜின், ஆறு கியர். என்ஜின் நிமிடத்துக்கு 8,500 சுற்று சுற்றும்போது 17 பிஎஸ். எடை 136 கிலோ. இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், முன் டிஸ்க் 267 மில்லிமீட்டர். கைப்பிடிகள் தாழ்வாக, முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டிருக்கும். ஃபுட்ரெஸ்ட் பின்னுக்குத் தள்ளியிருக்கும். அதனால் உடம்பு முன்பக்கம் சாய்ந்தே இருக்கும்.

சக்தி இரண்டு மடங்குக்கு மேல் என்பதுதான் எல்லோர் கண்ணிலும் படும். என் கண்ணிலும் அதுதான் பட்டது. விழுந்ததற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. சம்பந்தப்பட்டவை எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்: கியர் லீவரின் வடிவம், பிரேக் லீவரின் இறுக்கம், மணிக்கட்டில் விழும் பாரம்.

அந்த வண்டிமீது எனக்கு ஆசை இருந்தது உண்மை. 2011-இல் ஷோரூம் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்திருக்கிறேன். அப்போது கல்யாணம் ஆன புதிது, வாங்குகிற நிலைமை இல்லை. எட்டு வருடம் கழித்து அதன் சாவி கைக்கு வந்தபோது எனக்கிருந்த சந்தோஷத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். சந்தோஷத்தில் இருக்கிறவன் கேள்வி கேட்கமாட்டான்.

சாவி கைமாறிய இரண்டு நிமிடம்

முந்தின நாள் இரவு தம்பி வண்டியைக் கொண்டுவந்து விட்டான். அவன் சொன்னது கிட்டத்தட்ட முழுவதும் நினைவிருக்கிறது.

"ண்ணா, பிக்கப் ஜாஸ்தி. சட்டுனு முறுக்கிடாதீங்க. மலையில மெதுவாவே போங்க."

"சரிடா, அறுபதுக்கு மேல போகமாட்டேன்."

"கியர் தெரியும்ல? ஒண்ணு கீழ, மத்ததெல்லாம் மேல."

"தெரியும்டா."

அவ்வளவுதான். பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். இந்த மாதிரி வண்டிகளில் முதல் கியருக்கு லீவரைக் கீழே அழுத்த வேண்டும், அப்புறம் இரண்டிலிருந்து ஆறு வரை விரலால் மேலே தூக்க வேண்டும் என்பது யாருக்கும் தெரிந்ததுதான். கேட்டால் சரியாகச் சொல்லியிருப்பேன். ஆனால் வாயால் சொல்லத் தெரிவதும் காலுக்குத் தெரிவதும் வேறு வேறு.

இரண்டு பேருமே ஆபத்து ஆக்சிலேட்டரில் இருக்கிறது என்று நினைத்தோம். அதனால் அதற்கு ஒரு காவல் போட்டோம், அறுபதுக்கு மேல் போவதில்லை என்று. அந்தக் காவல் இருந்ததாலேயே நிம்மதியாகிவிட்டேன். முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கின மாதிரி.

ஏறும்போது கிடைத்த மூன்று எச்சரிக்கைகள்

காலை ஆறு மணிக்கு முன்பே கிளம்பினேன். அஸ்தம்பட்டி தாண்டி, கோரிமேடு, அடிவாரம். ஊருக்குள்ளேயே முதல் எச்சரிக்கை வந்தது. கோரிமேட்டில் இரண்டாவது கியரில் போய்க்கொண்டிருந்தேன். மூன்றாவது போட வேண்டும். கால் தானாக லீவரை முன்னால் அழுத்தியது. வண்டி முதல் கியருக்கு இறங்கி ஒரு குலுக்கு குலுக்கியது. வேகம் இருபதுகூட இல்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை. 'ஓ, இதில் தலைகீழ்' என்று மனதில் சொல்லிக்கொண்டு மேலே போனேன். ஆலையில் இப்படி ஒன்று நடந்தால், அடிபடாவிட்டாலும், அன்றே எழுதி வைப்போம். அன்றைக்கு அதை நான் ஒரு தகவலாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாவது, மேலே ஏரிக்குப் பக்கத்தில். ஒரு கடை வாசலில் வண்டியைத் திருப்பினேன். ஸ்பிளெண்டர் என்றால் ஹேண்டிலை ஒடித்து அந்த இடத்திலேயே சுற்றிவிடும். இதில் ஹேண்டில் கொஞ்சம்தான் திரும்பும். அதற்கு மேல் கைப்பிடி டேங்கில் முட்டும். பாதித் திருப்பத்தில் வண்டி சாயப் பார்த்தது, காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டேன்.

மூன்றாவது, மணிக்கட்டு வலி. இருபது வளைவு ஏறி முடிக்கும்போது இரண்டு மணிக்கட்டும் கடுத்தன. டேங்கை முழங்காலால் இறுக்கிப் பிடித்து, வயிற்றையும் முதுகையும் கொண்டு உடம்பைத் தாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. உடம்பின் பாரம் முழுக்கக் கையில் இறங்கியிருந்தது. கைவலி என்று மட்டும் நினைத்தேன். அந்தக் கையில்தான் ஆக்சிலேட்டரும் பிரேக்கும் இருக்கின்றன என்று யோசிக்கவில்லை.

ஏறும்போது ஏன் விழவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. ஏற்றத்தில் பெரும்பாலும் இரண்டாவது கியரிலேயே போனேன், நடுவில் எப்போதாவது மூன்றாவது. கியர் மாற்றுகிற தேவையே குறைவு. மாற்றிய ஒவ்வொரு தடவையும் யோசித்துத்தான் மாற்றினேன். விடிகாலை, எதிரே வண்டிகளும் இல்லை. கவனம் முழுவதையும் காலுக்குக் கொடுக்க முடிந்தது. அப்புறம் மேலே இரண்டு மணி நேரம் டீ, பிரெட் ஆம்லெட், ஏரிக்கரையில் நடை. இறங்கத் தொடங்கியபோது மணி ஒன்பதைத் தாண்டியிருந்தது, கீழிருந்து வண்டிகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன. காலையில் காலுக்குக் கொடுத்த கவனத்தை இப்போது சாலை கேட்டது.

விழுந்த அந்தச் சில நொடிகள்

எட்டாவது வளைவைத் தாண்டியதும் கொஞ்சம் நேரான இறக்கம். மூன்றாவது கியர், 45 கிலோமீட்டர் வேகம் இருக்கும். என்ஜின் சத்தம் அதிகமாகத் தெரிந்தது, நான்காவது போடலாம் என்று கிளட்ச்சைப் பிடித்தேன். சரியாக அந்த நேரத்தில் கீழே வளைவில் ஒரு அரசுப் பேருந்து தலையைக் காட்டியது. ஹாரன் அடித்தது. என் கண்ணும் மனசும் பேருந்துக்குப் போயின. கால், 12 வருடமாகச் செய்ததைச் செய்தது. முன்னால் அழுத்தியது.

நான்காவதுக்குப் பதில் இரண்டாவது விழுந்தது. கிளட்ச்சை ஸ்பிளெண்டரில் விடுகிற மாதிரி சட்டென்று விட்டேன். என்ஜின் அலறியது, பின்சக்கரம் ஒரு துள்ளு துள்ளியது, என் உடம்பு முன்பக்கம் தள்ளப்பட்டு மணிக்கட்டில் மோதியது. வலது மணிக்கட்டு மடங்கியதில் ஆக்சிலேட்டர் கொஞ்சம் திறந்துகொண்டது. வண்டி முன்னால் பாய்ந்தது.

வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று, ஸ்பிளெண்டரில் கியரைக் குறைக்கிற மாதிரி குதிகாலைக் கீழே அழுத்தினேன். அங்கே மிதியே இல்லை. என்ன ஆயிற்று என்று குனிந்து காலைப் பார்த்தேன். நிமிர்ந்தபோது வளைவு கிட்டே வந்துவிட்டது, பேருந்து வலப்பக்கம் கடந்துகொண்டிருந்தது. நான்கு விரலாலும் முன் பிரேக்கை ஒரே பிடியாகப் பிடித்தேன். ஹேண்டில் லேசாக இடப்பக்கம் திரும்பியிருந்தது. சாலையோரம் மழையில் அடித்து வந்த மணல் பரவியிருந்தது. முன்சக்கரம் அப்படியே நின்றது. அடுத்த கணம் நான் தரையில்.

வண்டியும் நானும் இடப்பக்கம் மலைச்சுவரை ஒட்டிய ஓடைப் பள்ளம் வரை சறுக்கி நின்றோம். பேருந்து ஓட்டுநர் வண்டியை நிறுத்தி இறங்கி ஓடிவந்தார். முதல் காரியமாக வண்டியின் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தார், பெட்ரோல் கசிந்துகொண்டிருந்தது. நடத்துநரும் இரண்டு பயணிகளும் என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். அவர் மீது எந்தப் பிழையும் இல்லை. அவர் தன் பக்கத்தில்தான் வந்தார். குறுகலான மலைப்பாதையில் ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும் என்பது விதி. நான் வலப்பக்கம் விழுந்திருந்தால் அவருடைய பின்சக்கரத்துக்கு அடியில் போயிருப்பேன். அதை நினைக்காமல் ஒரு நாளும் தூங்கப் போனதில்லை, முதல் இரண்டு மாதம்.

கால் ஏன் அப்படிச் செய்தது

ஸ்பிளெண்டரில் நியூட்ரலிலிருந்து நான்கு கியருமே முன்மிதியை அழுத்தித்தான். குறைக்க வேண்டுமென்றால் குதிகாலால் பின்மிதியை அழுத்த வேண்டும். ஆர்15-இல் பின்மிதி கிடையாது. முன்மிதியை அழுத்தினால் கியர் குறையும், தூக்கினால் கூடும். அதாவது ஒரே அசைவுக்கு இரண்டு வண்டியிலும் எதிரெதிர் அர்த்தம். அசைவே வேறாக இருந்திருந்தால், உதாரணத்துக்கு கியரைக் கையால் போடுகிற பழைய ஸ்கூட்டராக இருந்திருந்தால், என் கால் குழம்பியிருக்காது. ஏறக்குறைய ஒரே இடத்தில், ஏறக்குறைய ஒரே மாதிரி லீவர் இருந்ததுதான் சிக்கல்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். வீட்டிலிருந்து ஆலைக்குப் போய் வர ஒரு நாளைக்கு 60 தடவையாவது கியரைக் கூட்டியிருப்பேன். வருடத்துக்கு 300 நாள், 12 வருடம். 2 லட்சத்து 16 ஆயிரம் தடவை. அத்தனை தடவை முன்னால் அழுத்திய காலிடம், ஒரு காலை நேரம் மட்டும் மேலே தூக்கு என்று சொல்லியிருக்கிறேன். மனசு பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த வரை கால் கேட்டது. மனசு பேருந்தைப் பார்க்கப் போனதும் பழைய பழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. 'தொட்டில் பழக்கம்' என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. புதிதாக ஓட்டக் கற்றவனாக இருந்திருந்தால் இந்தக் குறிப்பிட்ட தவறை நான் செய்திருக்கமாட்டேன். அவனுக்கு எதிர்ப்பழக்கம் இல்லை. என்னைக் கீழே தள்ளியது அனுபவக் குறைவு அல்ல, வேறொரு வண்டியின் அனுபவம். "12 வருஷம் ஓட்டியிருக்கேன்" என்பதைத் தகுதியாக நினைத்துத்தான் தம்பியும் வண்டியைக் கொடுத்தான், நானும் வாங்கினேன்.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்ற பேராசிரியர் தலைமையில், தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தினர் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் 900 மோட்டார்சைக்கிள் விபத்துகளை நேரில் போய் ஆராய்ந்து 1981-இல் வெளியிட்ட அறிக்கை ஒன்று உண்டு. அதில் இருக்கும் ஒரு முடிவைப் படித்தபோது என்னைப் பற்றியே எழுதியது போல இருந்தது. விபத்தில் சிக்கியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, விபத்துக்குள்ளான அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஓட்டிய அனுபவம் ஐந்து மாதத்துக்கும் குறைவு. ஆனால் மொத்தமாகச் சாலையில் வண்டி ஓட்டிய அனுபவமோ ஏறக்குறைய மூன்று வருடம். ஊர் வேறு, காலம் வேறு, வண்டிகளும் வேறு. ஆனாலும் 'எத்தனை வருடம் ஓட்டினாய்' என்ற கேள்விக்குப் பக்கத்தில் 'இந்த வண்டியை எத்தனை நாள் ஓட்டினாய்' என்ற கேள்வியையும் வைக்க வேண்டும் என்பது அதிலிருந்து எனக்குக் கிடைத்தது. என் கணக்கில் அது சில மணி நேரம்.

கை ஏன் அப்படிப் பிடித்தது

கியர் மாறி விழுந்தது மட்டும் என்னைத் தள்ளியிருக்காது. கோரிமேட்டில் அதே தவறைச் செய்துவிட்டுத்தான் நேராகப் போனேன். கீழே தள்ளியது கை.

என் ஸ்பிளெண்டரின் முன்பக்க டிரம் பிரேக்கைப் பிடிக்க நன்றாக இழுக்க வேண்டும். கேபிள் வழியாகப் போகிற விசை, பழைய லைனர். நான்கு விரலும் வேண்டும். பன்னிரண்டு வருடமாகக் கை கற்றுக்கொண்ட அளவு அது. ஆர்15-இன் முன் பிரேக் ஆயிலில் இயங்குவது. இரண்டு விரலால் மெல்ல அமுக்கினாலே போதும். டிரம்முக்கு வேண்டிய விசையை டிஸ்க்குக்குக் கொடுத்தேன்.

எவ்வளவு விசை என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் என்பதும் இங்கே கணக்கு. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் பின்னாலிருந்து முன்சக்கரத்துக்கு நகரும். நகர்ந்து, ஃபோர்க் அமுங்கி, டயர் தரையில் அழுந்திய பிறகு அதே முன்சக்கரம் நிறையப் பிடியைக் கொடுக்கும். அதற்கு ஒரு கணம் அவகாசம் வேண்டும். மெல்லத் தொடங்கி அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனால் அந்த அவகாசம் கிடைக்கும். நான் ஒரேயடியாகப் பிடித்தேன். பாரம் வந்து சேர்வதற்குள் சக்கரம் நின்றுவிட்டது. அடியில் மணல் வேறு. ஹேண்டில் திரும்பியிருக்கும்போது நின்ற முன்சக்கரம் வண்டியைத் தாங்காது, பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகும்.

பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் இருந்திருந்தால் சக்கரம் நிற்கும் முன்பே அழுத்தத்தைத் தளர்த்தியிருக்கும். 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் முதலும் இந்தியாவில் ஏபிஎஸ் கட்டாயம். தம்பியின் வண்டி 2013. அதேபோல, கியரை இப்படித் தவறாக இறக்கினால் பின்சக்கரம் துள்ளாமல் கொஞ்சம் நழுவவிடுகிற ஸ்லிப்பர் கிளட்ச் 2018-இல் வந்த மூன்றாம் பதிப்பு ஆர்15-இல் உண்டு, இவனுடையதில் இல்லை. இவற்றைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தக் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் இருந்ததில்லை. இரவல் வாங்கும்போது எது இருக்கிறது, எது இல்லை என்று கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு மெக்கானிக் வண்டியை முழுக்கப் பிரித்துப் பார்த்தார். பிரேக் பேடு, டயர், செயின், ஃபோர்க் எல்லாம் சரியாக இருந்தன. வண்டியில் பழுதில்லை என்பதை இந்த ஆய்வில் அழுத்தமாகப் பதிய வேண்டும்.

கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. குனிந்து காலைப் பார்த்தது ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், 45 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு வண்டி 12.5 மீட்டர் போகும். ஒரு பேருந்தின் நீளத்தைவிட அதிகம். நான் பார்க்காமல் கடந்த அந்தத் தூரம் இருந்திருந்தால், பின் பிரேக்கை மட்டும் மெல்லப் பிடித்தே வளைவுக்குள் போயிருப்பேன் என்று நினைக்கிறேன்.

பணம், காப்பீடு

இதை யாரும் முன்கூட்டியே யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை.

தம்பியின் பாலிசி மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். நான் பேருந்திலோ பாதசாரி மீதோ மோதியிருந்தால் அவர்களுக்கான இழப்பீட்டுக்கு அது வரும். என்னிடம் முறையான உரிமம் இருந்தது, உரிமையாளர் சம்மதத்தோடுதான் ஓட்டினேன். ஆனால் வண்டியின் சேதத்துக்கு அதில் ஒரு பைசா வராது. ஃபேரிங், லீவர், இண்டிகேட்டர், ஃபுட்ரெஸ்ட், கூலி எல்லாவற்றையும் நானே கொடுத்தேன். தம்பி வேண்டாம் என்றான், சித்தி திட்டினார்கள். ஆனாலும் கொடுத்தேன்.

என் உடம்புக்கான கதை இன்னும் மோசம். பாலிசியில் 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு என்று ஒரு வரி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு எனக்கும் அது பொருந்தும் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அது உரிமையாளர் தானே ஓட்டும்போது அவருக்கு மட்டும். இரவல் வாங்கியவனைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. அப்படியானால் இரவல்காரன் 'மூன்றாம் நபர்' ஆவானா? அதுவும் இல்லை. 2009-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த நிங்கம்மா வழக்கு இதைத்தான் பேசுகிறது. கர்நாடகத்தில் இரவல் மோட்டார்சைக்கிளில் சொந்த ஊருக்குப் போன ஒருவர், முன்னால் போன மாட்டுவண்டி திடீரென்று நின்றதில் மோதி இறந்துபோனார். வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் அந்த நேரத்துக்கு உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார், ஆகவே யார் தவறு என்று நிரூபிக்காமலே இழப்பீடு கேட்க மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்போதிருந்த 163-அ பிரிவின்படி அந்த வண்டியின் காப்பீட்டிடம் இழப்பீடு கேட்க முடியாது என்பது நீதிமன்றத்தின் முடிவு. 2020 ஜனவரியில் ராஜஸ்தானிலிருந்து போன இன்னொரு வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதே நிலையை எடுத்தது, உரிமையாளருக்கான தனிநபர் விபத்துக் காப்பீட்டுத் தொகையை மட்டும் இறந்தவர் குடும்பத்துக்குக் கொடுக்கச் சொன்னது.

என் மணிக்கட்டுச் செலவோடு முடிந்ததால் இது எனக்கு ஒரு தகவல். அந்தப் பேருந்துச் சக்கரத்தில் போயிருந்தால் என் மனைவிக்கும் மகளுக்கும் இது தகவலாக இருந்திருக்காது.

எது மாறியிருந்தால்

ஆலையில் அறிக்கையின் கடைசிப் பகுதிக்கு இதுதான் தலைப்பு. நேர்மையாகச் சொன்னால், மணல் இல்லாதிருந்தால், பேருந்து அரை நிமிடம் தள்ளி வந்திருந்தால் என்று நிறையச் சொல்லலாம். அவை என் கையில் இல்லை. என் கையில் இருந்தவற்றில் பெரியது, கோரிமேட்டுத் தவறுக்குப் பிறகு நான் மலை ஏறியது. அங்கேயே வண்டியை ஓரம் கட்டி, ஒரு காலிச் சாலையில் அரை மணி நேரம் ஏற்றி இறக்கிப் பழகியிருக்க வேண்டும். பழகியும் கால் ஏமாற்றினால் திரும்பி வந்திருக்க வேண்டும். புதுவிதமான வண்டியை முதன்முதலில் மலைக்குக் கொண்டுபோனதே தவறு. சமதளத்தில் ஒரு வாரம் ஓட்டியவனுக்கே இறக்கம் புதிது.

கையுறை போடவில்லை என்பதையும் எழுதிவைத்தேன். தலைக்கவசம் முழுமுகம், தாடைப் பகுதியில் தேய்ந்த கோடு இருக்கிறது. அது இல்லாமலிருந்தால் தேய்ந்திருப்பது என் தாடை. உள்ளங்கைத் தோல் வளர மூன்று வாரம் ஆயிற்று. பெண்ணுக்குச் சோறு பிசைந்து ஊட்ட முடியவில்லை என்பதுதான் அந்த மூன்று வாரத்தில் என்னை மிகவும் வருத்தியது.

இன்னொரு சம்பவத்தையும் இந்த ஆய்வோடு சேர்க்கிறேன். தம்பியின் வண்டி வொர்க்ஷாப்பில் இருந்த நாட்களில் அவன் என் ஸ்பிளெண்டரை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனான். நான் கொடுக்கும்போது கியரைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஸ்பிளெண்டர்தானே, யாருக்குத் தெரியாது என்று விட்டுவிட்டேன். அவன் ஓட்டப் பழகியதிலிருந்தே ஒன்று கீழே, மற்றவை மேலே என்கிற வண்டிகள்தான். இரண்டாம் நாள் அஸ்தம்பட்டியில் நெரிசலுக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறான். கியரைக் குறைக்க முன்மிதியை அழுத்தியிருக்கிறான், கியர் கூடியிருக்கிறது. மறுபடி அழுத்தியிருக்கிறான். நடுச்சாலையில் என்ஜின் இழுக்க முடியாமல் தட்டித் தட்டி நின்றுபோய், பின்னால் வந்த வேன் ஒரு சாண் இடைவெளியில் பிரேக் அடித்து நின்றிருக்கிறது.

சாயங்காலம் வந்து வாசல்படியில் உட்கார்ந்தான். முகம் வெளுத்திருந்தது. "ண்ணா, உங்களுக்கு ஆனதுதான் எனக்கும்," என்றான். அதையும் அதே நோட்டில் தேதி போட்டுச் சேர்த்தேன். அவன் கையாலேயே எழுத வைத்தேன்.

அவன் வண்டி தயாராகி வந்த ஞாயிற்றுக்கிழமை, கட்டும் பிரித்தாகிவிட்டது. இரண்டு வண்டியையும் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் காலி மனைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். என்ஜினை ஸ்டார்ட் செய்யவில்லை. நான் ஆர்15-இல் உட்கார்ந்துகொண்டேன். அவன் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளத் தள்ள, கிளட்ச்சைப் பிடித்தபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலால் தூக்கிக்கொண்டே போனேன். வேலி வரை போய்த் திரும்பினோம். அப்புறம் அவன் ஸ்பிளெண்டரில் உட்கார்ந்தான், நான் ஒரு கையால் தள்ளினேன்.